கூலிக்குப் போகக் கூலியா?

நம் நாட்டு மாட்டுச் சந்தையில் ஒரு வழக்கமுண்டு. தரகன் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவான். பேரம் படிந்தால் அவனுக்குத் தரகு உண்டு. ஆனால் எப்பேர்ப்பட்ட ஏமாளிக் குடியானவனும் மாட்டைக் கண்ணால் பாராமல், பல்லைப் பிடித்துப் பாராமல், நாலடி நடத்திப் பாராமல் மடியை அவிழ்க்கமாட்டான். அப்படிப்பட்ட குடியானவனுடைய மகன், கடல் கடந்த தேசத்தில் ஆறு மாத வேலை ஒன்று இருக்கிறதென்று யாரோ ஒருவர் சொல்லக் கேட்டு, வேலையையும் பாராமல், முதலாளியையும் பாராமல், அந்த ஊர் பூமியில் எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூட விசாரியாமல், மூன்று லட்சம் நான்கு லட்சம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீதும் கேளாமல் வீட்டுக்கு வருகிறான். மாட்டுக்குச் செய்த யோசனையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தன் உடம்புக்குச் செய்யவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

ஏமாறுகிற சங்கதி ஒரு புறம் இருக்கட்டும். ஏமாறாமல், சொன்ன வேலை சொன்னபடியே கிடைத்தாலும், இதிலுள்ள அக்கிரமத்தை நம் மக்கள் கவனிப்பதாகத் தெரியவில்லை. உலகத்தில் பொருளை வாங்குகிறவன் பணம் கொடுக்கிறான். விற்கிறவன் பணம் பெறுகிறான். தொழிலாளி விற்பது தன் உழைப்பு. வாங்குகிறவன் தோட்டக்காரன். தோட்டத்தில் பழம் பழுத்து நிற்கிறது, பறிக்க ஆள் இல்லை, பறிக்காவிட்டால் அழுகிப்போகும், நஷ்டம் அவனுக்கு. அப்படியிருக்க, ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிற செலவு யாருடையதாக இருக்கவேண்டும்? வீடு கட்டுகிறவன் செங்கல்லை வரவழைத்தால் வண்டிச் சத்தத்தைச் செங்கல்லா கொடுக்கிறது? மனிதனை மாத்திரம், "நீயே உன்னைச் சுமந்து வா, சுமந்த கூலியையும் நீயே கொடு" என்று சொல்லுகிறார்கள். அதையும் நாம் ஒரு பெரிய உபகாரம்போல் கைகூப்பி வாங்கிக்கொள்ளுகிறோம்.

நாம் வெளிநாடு போவதற்கு விரோதிகள் அல்ல. கடல் தாண்டினால் பாவம், ஜாதி கெட்டுப்போகும் என்று எழுதி வைத்தவர்கள் யார் என்பதும், அவர்களுடைய பிள்ளைகளே முந்தி முந்திக் கப்பலேறினார்கள் என்பதும் உலகமறிந்த விஷயம். நம்மவர்கள் போனதில் நாம் கண்டது நன்மையே ஒழியத் தீமை அல்ல. ஊரில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாதென்று சொல்லப்பட்டவன், பினாங்கிலோ சிங்கப்பூரிலோ நாலு காசு சேர்த்துத் திரும்பிவந்து அதே தெருவில் நிமிர்ந்து நடந்தான். 1929ம் வருஷ முடிவில் பெரியார் மலாய் நாட்டுக்குப் போனபோது அவரை வரவேற்றவர்களில் இப்படிப்பட்ட உழைப்பாளிகள் எத்தனையோ பேர். ஆகவே, ஒரு வாலிபன் ஊரைவிட்டுப் போகவேண்டுமென்று துடிப்பதில் பணத்தாசை மாத்திரம் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. இங்கே அவனுக்குக் கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு. வெளியே போனால் கூலியாவது சரியாய்க் கிடைக்கும், ஜாதி கேட்பாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தின் மேல்தான் தரகன் வரி போடுகிறான் என்பதே நமது புகார்.

இந்த வரி புதிதல்ல. பருவ வேலைக்குக் கடல் கடந்து போவது தமிழர்களுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷப் பழக்கம். 1830களிலிருந்து இலங்கையில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டபோது, காப்பிப் பழம் பறிக்கிற பருவத்துக்கு மாத்திரம் ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஏழைகள் கூட்டங்கூட்டமாய்ப் போய், பழம் பறித்துவிட்டு, கிடைத்த காசோடு திரும்பினார்கள். தோணியில் மன்னாருக்குப் போய் அங்கிருந்து காட்டு வழியாய் மாத்தளை வரையில் நடக்கவேண்டும். அந்த வழியில் காலராவிலும் பசியிலும் தாகத்திலும் விழுந்து மாண்டவர்களுக்குக் கணக்கு வைத்தவன் இல்லை. பிறகு 1869ல் இலையில் ஒரு பூஞ்சை நோய் கண்டு, அடுத்த இருபது வருஷத்திற்குள் காப்பி அழிந்துபோயிற்று. தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுதும் ஆள் தேவை. பருவத்துக்குப் போனவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது அப்படித்தான்.

இந்தக் கூட்டங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் பெயர் கங்காணி. அவன் பெரும்பாலும் கூலிகளைவிட ஒரு படி மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளுகிறவன். துரையிடம் முன்பணம் வாங்கிவந்து, ஊரிலே கடன்பட்டவனுடைய கடனைத் தீர்த்து, வழிச்செலவு செய்து, அவ்வளவையும் கூலியின் பேரில் பற்று எழுதிக்கொள்வான். எவ்வளவு எழுதினான் என்பது எழுதப்படிக்கத் தெரியாத கூலிக்கு எப்படித் தெரியும்? போதாதற்கு, தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளைக்கும் தலைக்கு இவ்வளவு காசென்று தோட்டத்திலும் அவனுக்கு வரும்படி உண்டு. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் "துண்டு" என்ற ஒரு சீட்டு வேண்டும். இவ்வளவு கடன் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. புதுத் தோட்டத்துக்காரன் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கடன் மாத்திரம் ஆட்களின் கழுத்திலேயே இருக்கும். மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றின இந்தத் துண்டு முறையை 1921ல்தான் இலங்கையில் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இன்றைய ஏஜெண்டைக் கங்காணியோடு ஒப்பிட்டால், ஒரு விஷயத்தில் கங்காணி மேல் என்றே சொல்லத் தோன்றுகிறது. கங்காணி முதலில் பணம் கொடுத்தான், பிறகு சுரண்டினான். ஏஜெண்டோ முதலிலேயே வாங்கிக்கொள்ளுகிறார். கங்காணியின் கடனில் கூலி ஓடிவிட்டால் நஷ்டம் கங்காணிக்கும் துரைக்கும். இன்றைய ஏற்பாட்டில் ஆள் போனாலென்ன, போகாவிட்டாலென்ன, போனவன் பத்தாம் நாள் திரும்பிவந்தாலென்ன, ஏஜெண்டுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. கடன் கொடுத்தவன் உள்ளூர் வட்டிக்காரன். அவன் வெளிநாடு போகிறதில்லை. வாலிபனுடைய வீட்டு வாசலில்தான் வந்து உட்காருவான். வாசலில் அவனுக்குப் பதில் சொல்லவேண்டியவள் மனைவி அல்லது தாய். கடன் வாங்கும்போது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுடைய கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகும்போதும் கேட்டதில்லை. சங்கிலியைக் கழற்றலாம், தாலியைக் கழற்றக்கூடாது என்று சாஸ்திரம் பேசுகிற பெரியவர்கள் வட்டிக்காரன் வருகிற நாளில் வீட்டிலிருப்பதில்லை.

நிற்க, கணக்கைப் பார்ப்போம். நான்கு லட்ச ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் வட்டி. ஆறு மாதத்துக்கு 72,000. வேலை பருவ வேலை. விசாவும் அந்தப் பருவத்துக்குத்தான். ஆறு மாதம் முடிந்தால் கப்பலோ விமானமோ ஏறியாகவேண்டும். அந்த ஆறு மாதத்தில் முதலும் வட்டியுமாக 4,72,000 ரூபாயை, தின்றது போக, தங்கின வாடகை போக, மிச்சப்படுத்தினால்தான் கணக்கு சூன்யத்துக்கு வந்து நிற்கும். அதாவது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிற நிலைக்கு. இதில் ஒரு வாரம் மழை பெய்தால் பறிப்பு இல்லை. பனி விழுந்து பூ கருகினால் பருவமே சுருங்கிப் போகும். கடன் பருவம் பார்த்துச் சுருங்குமா? வருஷக் கணக்காய் இருக்கிற வேலைக்கே தரகு கொடுப்பது தவறென்றால், ஆறு மாத வேலைக்குக் கொடுப்பது தற்கொலைக்குச் சமானம்.

கடனில்லாமல் போனவன் தோட்டக்காரன் மோசம் செய்தால் "உன் வேலை வேண்டாம்" என்று சொல்ல முடியும். கடனோடு போனவனால் முடியாது. திட்டினாலும் இருப்பான், கூலியைக் குறைத்தாலும் இருப்பான், எட்டுப் பேர் படுக்கவேண்டிய இடத்தில் பதினாறு பேரைப் போட்டாலும் இருப்பான். சங்கிலியும் பூட்டும் தேவையேயில்லை. சுயமரியாதை என்பது வேண்டாம் என்று சொல்லக்கூடிய சக்தி அல்லாமல் வேறென்ன? அந்தச் சக்தியை ஊரிலேயே அடகு வைத்துவிட்டுத்தான் இவன் விமானம் ஏறுகிறான்.

இது நம் கற்பனையல்ல. இங்கிலாந்தில் தோட்டப் பறிப்புக்கென்று 2019ல் பருவத் தொழிலாளர் விசா என்ற ஏற்பாடு தொடங்கினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கக்கூடாது, குடும்பத்தைக் கூட்டிவரக்கூடாது. வேலை தேடுகிறவனிடம் வேலை தேடிக் கொடுத்ததற்காகப் பணம் வாங்கக்கூடாதென்று அந்நாட்டில் 1973லேயே சட்டமிருக்கிறது. சட்டம் அவர்கள் கரையோடு நின்றுவிட்டது. 2022ல் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பழம் பறிக்கப் போனவர்களில் பலர், தங்கள் ஊர்த் தரகர்களுக்கு ஆயிரக்கணக்கான பவுன் கடன்பட்டு வந்தவர்கள் என்று வெளியாயிற்று. பின்லாந்து தேசத்தில் காட்டுப் பழம் பறிக்க வருஷந்தோறும் தாய்லாந்துக் குடியானவர்கள் கடன் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதை மனித வியாபாரக் குற்றமென்று அந்நாட்டுப் போலீசார் 2022ல் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பறித்தவன் நெல் விளைவிக்கிறவன்; நம் தஞ்சாவூர்க் குடியானவனுக்கு அண்ணன் தம்பி மாதிரி.

இனி, நம் ஊர்களில் ஒட்டப்படுகிற நோட்டீசுகளுக்கு வருவோம். "ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலை, கனடாவில் தோட்ட வேலை, படிப்பு வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், சாப்பாடும் இடமும் இலவசம், சில இடங்களே உள்ளன" என்று இருக்கும். கனடாவில் பருவகாலத் தோட்டத் தொழிலாளர் திட்டம் என்று ஒன்று வாஸ்தவமாகவே இருக்கிறது. 1966ல் ஜமைக்காவோடு தொடங்கி, 1974ல் மெக்சிக்கோவையும் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. மெக்சிக்கோவும் கரீபியன் தேசங்களும் மாத்திரமே அதில் உண்டு. ஆளைப் பொறுக்குவது அந்தந்த நாட்டுச் சர்க்கார். ஆஸ்திரேலியாவின் பருவத் தொழிலாளர் திட்டமோ ஒன்பது பசிபிக் தீவு நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும் ஏற்பட்டது. இவை இரண்டிலும் இந்தியா இல்லை. இல்லாத கதவுக்கு ஒருவர் சாவி விற்கிறார். அதை வாங்க வரிசையில் நிற்கிறோம்! அந்நாடுகளுக்கு வேறு வழியாகவும் தொழிலாளர் போவதுண்டு. ஆனால் அங்கெல்லாம் முதலாளியும் அந்நாட்டுச் சர்க்காரும் சம்பந்தப்பட்ட பத்திரங்கள் உண்டு. நோட்டீசுக்காரரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டால் "அதெல்லாம் பிறகு வரும்" என்பார். பிறகு வருவது பெரும்பாலும் சுற்றுலா விசா. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்கிறவன் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. மோசம் செய்தவர் இங்கே ஆபீசில் உட்கார்ந்திருக்க, மோசம் போனவன் அங்கே போலீசைக் கண்டு ஒளியவேண்டியது.

இவ்வளவு தெளிவான சங்கதியில் ஜனங்கள் ஏன் விழுகிறார்கள்? படிப்பில்லாததால் என்று சிலர் சொல்லுகிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. 2022ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் மோசடிக் கும்பலிடம் அடைபட்டு மீட்கப்பட்ட தமிழ் வாலிபர்கள் படித்தவர்கள்தான். ஆகவே குறை படிப்பில் இல்லை. கேள்வி கேட்காமல் நம்புவது நல்ல குணம், கேள்வி கேட்பது அகம்பாவம் என்று பிறந்தது முதல் பழக்கிவைத்திருக்கிறார்களே, குறை அதில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். காணாத மோட்சத்துக்கு வழிகாட்டுகிறேன் என்று ஒருவன் நடுவில் வந்து நின்றான். தட்சணையை முன்னால் வை என்றான். மந்திரத்தின் அர்த்தத்தைக் கேட்காதே, அது உனக்குப் புரியாத பாஷை என்றான். காரியம் கைகூடாவிட்டால் உன் கர்மம், உன் ஜாதகம் என்றான். இப்போது ஏஜெண்டு என்ன சொல்லுகிறார்? பணத்தை முன்னால் கட்டு என்கிறார். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறது, கையெழுத்தை மட்டும் போடு என்கிறார். விசா வராவிட்டால் உன் நேரம் சரியில்லை என்கிறார். இருவருக்கும் வித்தியாசம், முன்னவன் வேலை கொடுக்கிறவனை யாருக்கும் காட்டமுடியாது. பின்னவர் காட்ட முடியும், காட்ட மறுக்கிறார். அவ்வளவுதான். இவர்களுக்கு உதவியாகச் சோதிடர் "உமக்கு இந்த வருஷம் கடல் கடக்கும் யோகம்" என்கிறார். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரிலே ஒரு சாமிக்கு விசா பாலாஜி என்றே பெயர் வைத்து, படித்த வாலிபர்களெல்லாம் 11 சுற்றும், விசா வந்தால் 108 சுற்றும் சுற்றுகிறார்கள். அந்தச் சுற்றுகளைத் தூதராலயத்தில் எந்தக் குமாஸ்தா எண்ணிக் குறித்துக்கொள்ளுகிறார் என்று நமக்கு விளங்கவில்லை. சுற்றுகிற நேரத்தில் ஏஜெண்டின் லைசென்சு நம்பரை ஒரு தரம் சரிபார்த்திருக்கலாம்.

சட்டமில்லையா என்றால், இருக்கிறது. 1983ம் வருஷத்திய குடிபெயர்வுச் சட்டம், பதிவுச் சான்று பெறாதவன் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக்கூடாதென்று சொல்லிற்று. அதன் கீழான விதிகளில், பதிவு பெற்ற ஏஜெண்டுகூடத் தொழிலாளியிடம் 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் வரிக்கும் மிஞ்சி வாங்கக்கூடாதென்றும், வாங்கினதற்கு ரசீது கொடுக்கவேண்டுமென்றும் எழுதினார்கள். நான்கு லட்சம் கொடுத்தவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவேண்டும். ஆனால் அதே சட்டம் குற்றத்துக்கு விதித்த தண்டனை என்ன? இரண்டு வருஷம் வரையில் சிறை. 2,000 ரூபாய் வரையில் அபராதம். ஒரு ஆளிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் அபராதம்! அவன் அதைக் காப்பிச் செலவில் எழுதிக்கொள்ள மாட்டானா? ஆட்டைத் திருடினால் அடி, ஆளைத் திருடினால் தட்டிக் கொடுப்பது என்பதுபோல் இருக்கிறது.

30,000 என்று ஒரு வரம்பு கட்டியதையே நாம் ஒப்புக்கொள்ளுகிறோமா என்றால், இல்லை. திருட்டில் இவ்வளவு வரையில் செல்லும் என்று அளவு போடுவது எந்த நியாயம்? சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997ல் செய்த 181ம் நம்பர் உடன்படிக்கையில், தனியார் வேலை ஏஜென்சிகள் பொதுவாகத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாதென்று தீர்மானித்திருக்கிறார்கள். நமது கோரிக்கையும் அதுவே. தேடுகிற செலவு, பிரயாணச் செலவு, வைத்திய சோதனைச் செலவு யாவும் ஆள் வேண்டியவன் பொறுப்பு.

"எல்லா ஏஜெண்டும் மோசமா? யோக்கியர்களும் இருக்கிறார்களே, ஆபீசு வாடகை, ஆள் சம்பளம் அவர்களுக்கு இல்லையா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். யோக்கியர்கள் இருக்கலாம். அவர்கள் உழைப்புக்குக் கூலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. யாருக்காக உழைத்தார்களோ அவரிடம் வாங்கட்டும் என்கிறோம். தோட்டக்காரனிடம் கேட்கத் தைரியமில்லாமல் கூலிக்காரன் மடியில் கைவிடுவது எந்த யோக்கியதையில் சேர்ந்தது? "அப்படியானால் முதலாளி தமிழனைக் கூப்பிடமாட்டான், வேறு தேசத்தானைக் கூப்பிடுவான்" என்பது அடுத்த பயமுறுத்தல். தரகனில்லாமல் ஆள் எடுக்க முடியுமென்பதற்கு மேலே சொன்ன கனடாத் திட்டம் 1966 முதல் சாட்சி. அந்தத் திட்டத்திலும் தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவது போன்ற கெடுதல்கள் உண்டு. ஆனால் கெடுதலில் தரகுக் கடன் சேரவில்லை. நம் நாட்டிலேயே 1978ல் தமிழ்நாடு சர்க்கார் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் பெயரைக் கிராமத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தரகனுடைய நோட்டீசு டீக்கடைச் சுவரில் இருக்கிறது. சர்க்கார் நிறுவனத்தின் நோட்டீசு சர்க்கார் ஆபீசு சுவரிலேயே இருக்கிறது. கிராமத்தான் எந்தச் சுவரைப் பார்ப்பான்? ஒவ்வொரு ஊராட்சி ஆபீசிலும் எந்த நாட்டில் எந்தப் பருவத்தில் வாஸ்தவமாய் வேலை இருக்கிறது, எந்த நாட்டில் நமக்கு இடமில்லை என்று மாதம் ஒரு தாள் தமிழில் எழுதி ஒட்டச் சர்க்காருக்கு என்ன செலவு?

அது நடக்கிற வரையில் நமது படிப்பகங்கள் அந்த வேலையைச் செய்யலாம். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதா, மத்திய சர்க்காரின் ஈ-மைக்ரேட் என்ற இணையத் தளத்தில் இருக்கிறது. கைப்போன் வைத்திருக்கிற எந்தப் பையனும் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். ஊரில் ஒருவன் வெளிநாடு போகிறானென்றால், அவன் பத்திரத்தைப் படிப்பகத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். முதலாளி பெயர் என்ன, ஊர் என்ன, மணிக்கு என்ன கூலி, மழை நாளில் கூலி உண்டா, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பருவம் சீக்கிரம் முடிந்தால் திரும்புகிற டிக்கெட்டு யாருடையது, இது வேலை விசாவா சுற்றுலா விசாவா? இதை அவன் மனைவியும் கூடவே உட்கார்ந்து கேட்கவேண்டும். வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லப் போகிறவள் அவள். போகிறவள் பெண்ணாயிருந்தால் இன்னும் ஒரு தரம் படிக்கவேண்டும்.

இவ்வளவு கேட்டால் ஏஜெண்டு கோபித்துக்கொள்வாரே, "இஷ்டமில்லாவிட்டால் போ, உன் இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்" என்பாரே என்று கேட்கலாம். சொல்லுவார். அந்தப் பத்துப் பேருக்கும் இதே கேள்விகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். நஷ்டம் பஸ் சார்ஜோடு போகும்.